பாமாவுக்குத் தலை சுற்ற வேண்டும்

காலையில் பால் வாங்கக் கீழே இறங்கியதிலிருந்து எட்டு மணிக்குள் ஐந்து பேர் பாமாவுக்கு வைத்தியம் சொல்லி முடித்திருந்தார்கள். மேல்வீட்டுக் கனகம் எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றிப் போடச் சொன்னாள். பால்காரர் பித்தம் என்றார். எதிர்வீட்டு ஃபாத்திமா சர்க்கரை பார்த்தாயா என்று கேட்டாள். வாட்ச்மேன் கண்ணாடியை மாற்றச் சொன்னார். அவருக்கே இரண்டு கண்ணிலும் புரை. ஐந்தாவது ஆள் சொந்தப் புருஷன் பத்மநாபன். "ஒண்ணும் பண்ணாம படுத்துக்கிட்டு இரு, தானா சரியாயிடும்" என்பது அவருடைய வைத்தியம். ஹைதராபாத் மல்காஜ்கிரியில் டாக்டருக்குப் படித்தவர்களைத் தவிர மற்ற எல்லாரும் டாக்டர்கள்தான் என்று பாமாவுக்கு எரிச்சலாக வந்தது.

இத்தனைக்கும் வியாதி என்னவென்று தெரிந்துபோய் ஒரு மாதமாகிவிட்டது. ஜூலையில் ஒரு வைரல் காய்ச்சல் வந்தது. அது போய் ஒரு வாரம் கழித்து, காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது குளியலறைச் சுவர் இடமிருந்து வலமாக ஓட ஆரம்பித்தது. பாமா வாளியைப் பிடித்தாள். வாளியும் ஓடியது. ஐம்பத்து நான்கு வயதுக்காரி ஈரத்தரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாயில் பற்பசை நுரையோடு, இருபது நிமிஷம் கிடந்தாள். மூன்று நாள் ஓயாத வாந்தி. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, வலது காதுக்குள் உடம்பின் நிதானத்தைப் பார்த்துக்கொள்கிற நரம்பைக் கிருமி தாக்கியிருக்கிறது, அது முழுசாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். ஆனால் மூளை மிச்சத்தை வைத்துக்கொண்டு சமாளிக்கக் கற்றுக்கொள்ளும், பயிற்சி செய்தால் போதும் என்றார். ஐந்து நாளைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, பிசியோதெரபிஸ்ட் ஒருத்தியின் போன் நம்பரையும் கொடுத்தார்.

தலை சுற்றினால் படுத்துக்கொள்ளலாம், லீவு போடலாம், யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. பாமாவுக்கு அதுவல்ல பிரச்சினை. அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும்.

குஷாய்குடாவில் இருக்கிற பெரிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவளுக்கு ஸ்டோர்ஸில் வேலை. இருபத்தொன்பது வருஷமாக ஸ்க்ரூவும் ஒயரும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அங்கே அவள் பேச்சுக்கு மதிப்பு எவ்வளவு என்றால், இண்டெண்ட் சீட்டு இல்லாமல் பொருள் தரமாட்டேன் என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் எதிரே நிற்கிறவன் ரேக்கிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை, யூனிட்டுகளுக்கு நடுவே நடக்கும் பேட்மின்டன் போட்டியில், வலைக்குப் பக்கத்தில் நாலு படி உயரத்தில் போட்டிருக்கும் அந்த நாற்காலியில் ஏறி அவள் உட்கார்ந்துவிட்டால் நிலைமை வேறு. இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் இறுதி ஆட்டத்துக்கு நடுவர். ஒரு தடவை ஜெனரல் மானேஜரே ஆடினார். அவர் ராக்கெட் வலையில் லேசாகப் பட்டதை யாரும் பார்க்கவில்லை, பாமா பார்த்தாள். "ஃபால்ட்" என்றாள். ஜெனரல் மானேஜர் தலையைக் குனிந்து "சாரி மேடம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். வாழ்க்கையில் அவள் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்கிற இடம் அது ஒன்றுதான்.

நடுவர் வேலை என்றால் என்ன? தலையை இடது, வலது, இடது, வலது என்று திருப்புவது. குனிந்து தாளில் பாயின்ட் எழுதுவது, நிமிர்ந்து பார்ப்பது. பாமாவின் காதுக்கு எது எதெல்லாம் ஆகாதோ அதெல்லாம் சேர்ந்த வேலை.

ஆகஸ்டில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். ஏழுக்கு ஐந்து என்று எழுதிவிட்டு நிமிர்ந்தபோது கோர்ட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பாயின்டை மாற்றிச் சொல்லிவிட்டாள். ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேரும் அவளை அண்ணாந்து பார்த்த பார்வையை அவள் செத்தாலும் மறக்கமாட்டாள். விளையாட்டுச் செயலாளர் சரத் நல்ல பையன்தான். அவன் அவளைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, தெலுங்கில் தேனொழுகப் பேசினான். இந்த வருஷம் மேடம் மேடையில் உட்காரட்டும், இருபத்திரண்டு வருஷ சேவைக்கு ஒரு பொன்னாடை போட்டு கௌரவிக்கலாம் என்றான். பொன்னாடை போடுவது எதற்கென்று பாமாவுக்குத் தெரியாதா? கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதை மரியாதையாகச் செய்வதற்குத்தான் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவள் கத்திய கத்தலில் சரத் ஒரு படி இறங்கி வந்தான். செப்டம்பர் கடைசி ஞாயிறு ஒரு ஆட்டத்தை முழுசாக நடத்திக் காட்டினால் அக்டோபர் இறுதி ஆட்டம் அவளுக்கே, இல்லையென்றால் பொன்னாடை என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்தால் பத்மநாபன். அவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தில் வேலை நடக்கிற இடத்திலும் பாலம் பழுதான இடத்திலும் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி டிரைவர்களுக்கு காஷன் ஆர்டர் என்று ஒரு சீட்டு கொடுப்பார்கள். முப்பத்தெட்டு வருஷம் அந்தச் சீட்டைக் கொடுத்துக் கொடுத்து அவருக்கு அதுவே சுபாவமாகிவிட்டது. பாமா படியில் இறங்கினால் "மெதுவா". குக்கரைத் திறந்தால் "மெதுவா". ஷேர் ஆட்டோவில் ஏறினால் "மெதுவா". ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்வார். வருஷா வருஷம் இறுதி ஆட்டத்துக்கும் வந்துவிடுவார். ஆட்டம் முடிந்து அவள் இறங்கும்போது நாற்காலிக்குக் கீழே வந்து நின்று அங்கேயும் அதையே சொல்வார். கல்யாணமான புதிதில் பாமாவுக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகு எப்போதிலிருந்தோ அவள் காதில் அது விழுவதே நின்றுவிட்டது.

பிசியோதெரபிஸ்ட் ஸ்ரீலேகா கோயம்புத்தூர்ப் பெண். புருஷனுக்கு ஐ.டி. வேலை என்று இரண்டு வருஷத்துக்கு முன் ஹைதராபாத் வந்தவள். வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கே வந்தாள். சுவரில் கண் மட்டத்துக்கு ஏதாவது ஒன்றை ஒட்டி, பார்வையை அதிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் இடவலமாகத் திருப்ப வேண்டும். பிறகு குனிந்து தரையைத் தொட்டுவிட்டு, நிமிர்ந்து மின்விசிறியைப் பார்க்க வேண்டும். தினமும் மூன்று வேளை. பாமா ஒரு பழைய இறகுப்பந்தைச் சுவரில் ஒட்டி வைத்து, ஒரு வேளை விடாமல் செய்தாள். ஒரு கிறுகிறுப்பும் வரவில்லை. பெருமையாக நூறு தடவை, நூற்றைம்பது தடவை திருப்பினாள். ஆனால் கோர்ட்டுப் பக்கம் போய் வேகமான ஒரு ஆட்டத்தைப் பார்த்தால் பழைய குருடி கதைதான். போதாக்குறைக்கு மத்தியானமானால் ஸ்டோர்ஸ் மேஜையில் தூங்கி விழுந்தாள். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

நான்காவது வாரம் ஸ்ரீலேகா எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"கிறுகிறுப்பு வருதுங்களா ஆன்ட்டி?"

"இல்ல."

"இன்னும் வேகமாத் திருப்புங்க. இப்போ?"

"இல்லேன்னு எத்தனை தடவை சொல்றது?"

ஸ்ரீலேகா உதட்டைப் பிதுக்கினாள். "வரணுமேங்க. வந்தாத்தான் மூளை அதுக்குப் பழகும். வரவே இல்லீன்னா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள்.

பாமா காத்திருந்தாள். பெண் வாயைத் திறப்பதாகக் காணோம்.

"சொல்லும்மா. கைக்கு நிறுத்திட்டே?" 'ஏன்' என்பது பல வருஷமாக அவள் வாயில் ஹைதராபாத் உருதுவில்தான் வரும்.

ஸ்ரீலேகா கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னாள். அரை நிமிஷம் கழித்து, "ட்ரெயின் போச்சுங்க ஆன்ட்டி. அதான்" என்றாள்.

"எந்த ட்ரெயின்?"

ஜன்னல் கண்ணாடி இன்னும் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஸ்ரீலேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த வீட்டுக்கு வந்து எத்தனை வருஷமாச்சுங்க?"

"பதினெட்டு."

"வந்த புதுசுல சத்தம் கேட்டுதுங்களா?"

"ஹவ், ஆமா, கேக்காம? ஆறு மாசம் தூக்கமே இல்ல. வீட்டை மாத்துங்கன்னு இவர்கிட்ட சண்டை போட்டேன்."

"அப்புறம் எப்படிங்க சரியாச்சு? ட்ரெயினா நின்னுபோச்சு? கேட்டுக் கேட்டு, இதனால நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு மூளைக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் கண்டுக்கறதில்ல. இந்தக் கிறுகிறுப்பும் அப்படித்தானுங்க. தினம் வரணும், வந்து வந்து மூளைக்கு அலுத்துப்போகணும். அப்பவே நீங்க காதுல பஞ்சை வெச்சுட்டு இருந்திருந்தா இன்னைக்கும் ஒவ்வொரு ட்ரெயினுக்கும் தூக்கிவாரிப் போட்டிருக்கும்." சொல்லிவிட்டு ஸ்ரீலேகா ஒரு நிமிஷம் யோசித்தாள். "ஆன்ட்டி, மாத்திரை என்னென்ன சாப்பிடறீங்க?"

"தைராய்டுக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு. சுத்தறதுக்குக் குடுத்த மாத்திரைதான் அஞ்சு நாள்ல முடிஞ்சுபோச்சே."

ஃப்ரிட்ஜின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. வாரத்துக்கு ஏழு அறை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பத்மநாபன் அதில் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டு வைப்பார். காலையில் ஒரு அறையை உள்ளங்கையில் கவிழ்த்து, தண்ணீரை ஊற்றி விழுங்கிவிட்டு பாமா வேலைக்கு ஓடுவாள். ஸ்ரீலேகா மறுநாளைய அறையைத் திறந்து காட்டினாள். உள்ளே மூன்று மாத்திரை இருந்தது.

அந்த நேரம் பார்த்து பத்மநாபன் காபித் தட்டோடு உள்ளே வந்தார். டப்பாவைப் பார்த்தார். காபியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"டாக்டர் அஞ்சு நாளைக்குத்தான் எழுதினார்" என்று மெல்ல ஆரம்பித்தார். "அஞ்சு நாள்லயே மாத்திரை நல்லாக் கேட்டுச்சு. அதான் மெடிக்கல் ஷாப்ல அதே சீட்டைக் காட்டி... அவனும் எதுவும் சொல்லல. குடுத்துட்டான்."

டாக்டருக்கு அப்போதே போன் போட்டார்கள். அவர் போனிலேயே பொரிந்து தள்ளினார். முதல் சில நாள் வேதனையை அடக்கத்தான் அந்த மாத்திரை, தொடர்ந்து கொடுத்தால் மூளை கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொள்ளாது, உடனே நிறுத்துங்கள் என்றார். பஞ்சு விஷயம்தான்.

ஸ்ரீலேகா போகிறவரை பாமா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பாதி தன்மேல்தான். நூறு ஸ்க்ரூவில் ஒன்று குறைந்தால் கையில் வாங்கும்போதே சொல்லிவிடுகிறவள், ஒரு மாதமாக உள்ளங்கையில் விழுந்த மூன்றாவது மாத்திரையைப் பார்க்கவில்லை. தன்னைத் தானே திட்டிக்கொள்வதில் என்ன பிரயோஜனம்? அதனால் முழுசையும் புருஷன்மேலேயே இறக்கினாள்.

"ஒரு மாசம்! ஒரு மாசம் பைத்தியக்காரி மாதிரி செவுத்தைப் பாத்துத் தலையை ஆட்டியிருக்கேன். எல்லாம் தண்டம். உங்களை யார் டாக்டர் வேலை பாக்கச் சொன்னது?"

"நீ பாத்ரூம்ல விழுந்து கிடந்ததைப் பாத்தது நான். நீ பாக்கல" என்றார் பத்மநாபன்.

அது நிஜம்தான் என்பதால் பாமாவின் கோபம் இரட்டிப்பாயிற்று.

"உங்க காஷன் ஆர்டரெல்லாம் ஸ்டேஷனோட முடிஞ்சுபோச்சு. இனிமே இந்த வீட்டுல 'மெதுவா'ங்கற வார்த்தை நக்கோ, கூடவே கூடாது. ஒரே ஒரு தடவை கேட்டாலும் குஷாய்குடாவுல குவார்ட்டர்ஸ் எழுதி வாங்கிட்டுப் போயிடுவேன். புரிஞ்சுதா?"

பத்மநாபன் தலையாட்டினார். காபி ஆறிப்போயிருந்தது.

மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த பத்து நாள் நரகம்தான், வேறு வார்த்தை கிடையாது. சுவரில் இருந்த இறகுப்பந்தைப் பார்த்துக்கொண்டு பத்து தடவை தலையைத் திருப்பினால் வீடே மாவரைத்தது. பக்கத்தில் வாளி வைத்துக்கொண்டு பயிற்சி செய்தாள். வாந்தி எடுத்தாள், வாயைக் கொப்பளித்தாள், மறுபடியும் திருப்பினாள். உலகத்தில் மற்றவர்களெல்லாம் வியாதி போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள், நான் மட்டும் அதற்கு மூன்று வேளை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறேன் என்று ஸ்ரீலேகாவிடம் எரிந்து விழுந்தாள். ஸ்ரீலேகா அசரவில்லை. "நல்லா வருதுங்களா? சூப்பருங்க ஆன்ட்டி" என்றாள். அந்தப் பெண்ணை அறையலாமா என்று இருந்தது.

பத்மநாபன் கதவோரமாக நின்று வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். இரண்டாம் நாள் அவருக்கு ஒரு வேலை கொடுத்தாள். தலையைத் திருப்பி நிறுத்தியதும் சுற்றல் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அவரோ ஒரு நீளநோட்டு வாங்கி வந்து கோடு போட்டுவிட்டார். ஸ்டேஷனில் வண்டிகளுக்கு எழுதுவது மாதிரியே தேதி, சுற்றல் வந்த நேரம், புறப்பட்ட நேரம், தாமதத்துக்குக் காரணம். முதல் நாள் ஐம்பத்தெட்டு விநாடி. ஒரு வாரத்தில் நாற்பத்தொன்று. பிறகு இருபத்தாறு. ஒரு நாள் ஜலதோஷம் பிடித்து மறுபடி ஐம்பதுக்குப் போயிற்று. பாமா இறகுப்பந்தைச் சுவரிலிருந்து பிய்த்து ஜன்னல் வழியாக எறிந்தாள். அவர் கீழே போய் எடுத்து வந்து, தூசி தட்டி, அதே இடத்தில் ஒட்டினார். காரணம் என்ற இடத்தில் 'சளி' என்று எழுதினார்.

செப்டம்பர் கடைசியில் பதினொன்று. கடைசி ஞாயிறு அவள் ஒரு ஆட்டத்தை முழுசாக நடத்திக் காட்டினாள். இரண்டு இடத்தில் கோர்ட்டு லேசாகச் சாய்ந்தது. பாமா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், அது தானாக நிமிர்ந்துவிட்டது. பாயின்ட் ஒன்றுகூடத் தப்பவில்லை. சரத்துக்குச் சந்தோஷம்தான், ஆனால் பொன்னாடை ஏற்கனவே வாங்கியாகிவிட்டதே என்று தலையைச் சொறிந்தான். அதை நீயே போர்த்திக்கொள் என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

அக்டோபரில் இறுதி ஆட்டம். பெண்கள் ஒற்றையர். டிசைன் பிரிவு ஹம்ஸினிக்கும் வேறு யூனிட்டிலிருந்து வந்த ஒரு நெட்டைப் பெண்ணுக்கும் ஆளுக்கு ஒரு கேம். மூன்றாவதில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. அரங்கத்தில் உட்கார இடமில்லை. விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பாமாவின் முதுகில் வியர்வை வழிந்தது.

அடுத்த பாயின்ட் ஹம்ஸினிக்கு. "ட்வென்டி மேட்ச் பாயின்ட், நைன்டீன்" என்றாள் பாமா. ஹம்ஸினி சர்வீஸ் போட்டாள்.

அந்த ஒரு பாயின்ட் முடிவேனா என்றது. இடது, வலது, இடது, வலது. முப்பது தடவைக்கு மேல் அடித்தும் பந்து தரையில் விழவில்லை. கோர்ட்டின் வெள்ளைக் கோடு ஒரு தடவை அசைந்தது. வா, வந்துட்டுப் போ, உன்னை முந்நூறு தடவை பார்த்தாயிற்று என்று மனசுக்குள் அதட்டினாள். கோடு நின்றது. நெட்டைப் பெண் அடித்த பந்து பின்கோட்டுக்கு ஒரு விரல்கடை வெளியே விழுந்தது. கோட்டு நடுவர் கைகளை விரித்தார். நெட்டைப் பெண் திரும்பி நாற்காலியை அண்ணாந்து பார்த்தாள். பாமாவும் பார்த்திருந்தாள், சந்தேகமே இல்லை.

"அவுட்" என்றாள். "கேம்."

மறுபேச்சு இல்லை. நெட்டைப் பெண் வந்து கையை நீட்டி "தேங்க்யூ மேடம்" என்றாள். அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. பாமா தாளில் கையெழுத்துப் போட்டு சரத்திடம் கொடுத்தாள். எழுந்து திரும்பி, முதல் படியில் கால் வைத்தாள். இரண்டாவது படிக்குக் கால் இறங்கவில்லை.

தலை சுற்றவில்லை. கண் தெளிவாக இருந்தது. நாலே படி, இருபத்திரண்டு வருஷமாக இறங்குகிற படி. ஆனாலும் கால் எதற்கோ காத்திருந்தது. அவளுக்கு முதலில் புரியவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது, இந்த இடத்தில் எப்போதும் இருக்கிற ஒன்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு தோளுக்கு மேலாகக் கீழே பார்த்தாள்.

பத்மநாபன் வழக்கமான இடத்தில்தான் நின்றிருந்தார். நோட்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். பாதி நீட்டிய கையை அவள் பார்த்ததும் பின்னால் இழுத்துக்கொண்டார். உதடுகளை இறுக்கி மூடியிருந்தார். ஆகஸ்டிலிருந்து ஒரு தடவைகூட அவர் அதைச் சொல்லவில்லை என்பது பாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. படியில், சமையலறையில், ஆட்டோவில், வாளிப் பக்கத்தில், எங்கேயும் சொல்லவில்லை. உறைத்தது எரிச்சலாகத்தான் வெளியே வந்தது.

"என்ன மரம் மாதிரி நிக்கறீங்க? சொல்லித் தொலைங்களேன்."

"எதை?"

"அதைத்தான்."

பத்மநாபன் சுற்றும்முற்றும் பார்த்தார். சரத் பார்த்துக்கொண்டிருந்தான். ஹம்ஸினி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"மெதுவா, பாமா."

பாமா இறங்கினாள்.